பிளேடு மாற்றும் சவரக்கத்தி: முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

சில மாதங்களாக நம் சங்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி சவரக்கத்தியைப் பற்றியதாக இருக்கிறது. பொங்கல் விழாப் பந்தியில் சர்க்கரைப் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நூலகத்தில் புத்தகம் திருப்ப வந்தவர் கேட்டார். ஆர்.கே.புரத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில், "பையன் எங்கேயோ வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு கத்தி வரவழைத்திருக்கிறான். சலூனில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுங்கள் என்றார் நம் ஆசிரியர். எழுதுகிறேன்.

என்னைக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஃபரீதாபாத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் 31 வருடம் உத்தியோகம் பார்த்தவன் நான். வெட்டுகிற முனை எதுவானாலும் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வழக்கம், ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. இன்னொன்று, 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து சலூன்கள் அத்தனையும் மூடியபோது வீட்டிலேயே கத்திச் சவரம் பழகலாம் என்று முடிவு செய்தேன். கடைகள் திறந்த பிறகு, எங்கள் காலனி வாசலில் வேப்பமரத்தடியில் கண்ணாடி மாட்டித் தொழில் செய்யும் பீகார்காரரிடம் இரண்டு வாரம் கூலி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். "ஹாத் ஹல்கா ரக்கியே, சாப்" என்பார் நிமிஷத்துக்கு ஒரு தரம். கையை லேசாக வையுங்கள் என்கிறார். முழுப் பாடமும் அவ்வளவுதான். ஆனால் அந்த 'லேசு' கைக்கு வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

முதலில் எந்தக் கத்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். நம்மில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பழைய சவரக்கத்தி நினைவிருக்கும். ஊரில் மருத்துவர் வீட்டுப் பெரியவர் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். திண்ணையில் அப்பாவை உட்கார வைத்துப் பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் தேய்ப்பார். பிறகு கத்தியை விரித்துத் தோல்பட்டையில் இப்படியும் அப்படியுமாக நாலைந்து முறை இழுப்பார். அந்தச் சத்தமே தனி. அந்தக் கத்தி முழுக்க ஒரே இரும்பு. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோலில் தீட்ட வேண்டும். முனை மழுங்கும்போது கல்லில் தீட்ட வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஜோலிங்கனும் இதற்குப் பெயர் பெற்ற ஊர்கள். ஜோலிங்கன் என்ற பெயருக்கு 1938 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்த ஊரில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது. (சதர் பஜாரில் இருநூறு ரூபாய்க் கத்தியில் 'ஜெர்மனி' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் சிரித்துவிட்டு மேலே நடங்கள்.)

இன்று சலூன்களில் இருப்பது வேறு. உருவத்தில் அதே மடக்குக்கத்திதான். ஆனால் முனை கத்தியுடையது அல்ல. உள்ளே சொருகும் பிளேடினுடையது. ஒருவருக்குச் சவரம் முடிந்ததும் பிளேடை எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புதியது. தீட்டும் வேலையே இல்லை. டெல்லிக் கடைகளில் 'உஸ்தரா' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். சிலர் 'ஷேவெட்' என்பார்கள். அது உண்மையில் ஜோலிங்கனிலுள்ள டோவோ கம்பெனி தன் கத்திக்கு வைத்த பெயர். ஜெராக்ஸ் மாதிரி இப்போது எல்லோருடையதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் கிங் ஜில்லெட் 1903-இல் இருபுறமும் முனையுள்ள மெல்லிய பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்ததே, ஜனங்களைக் கத்தியிலிருந்து விடுவிக்கத்தான். நம் நாட்டுத் தொழிலாளிகள் அதே பிளேடை இரண்டாக ஒடித்து மறுபடி கத்திக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்!

சலூன் மாறிய கதை

இந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைச் சொல்லாமல் கத்தி வாங்கும் விஷயத்துக்குப் போவது சரியில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எய்ட்ஸ் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அந்தச் சோதனை நடந்தது. அதன் பிறகு வந்த வருடங்களில் சுவரெங்கும் விளம்பரம், வானொலியில் விளம்பரம். சலூனுக்குப் போனால் "புது பிளேடு போடுங்க" என்று சொல்லும் வழக்கம் அப்போதுதான் பரவியது.

உண்மையில் சவரக்கத்தியைப் பொறுத்தவரை எய்ட்ஸைவிட அதிகம் பயப்பட வேண்டியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, ஒரு வாரமாவது வீரியத்தோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். ஹெபடைடிஸ் சி-யும் ரத்தம் வழியாகப் பரவுவதுதான். ஆகவே சலூனில் பிளேடை உங்கள் கண் முன்னால் காகிதம் பிரித்து மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். ஹிந்தியில் "நயா பிளேட் லகாயியே" என்றால் போதும். ஹிந்தி வராத நம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்காக இதைக் கேட்க மறக்காதீர்கள்.

இதே நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்: ஒரு கத்தி ஒரு முகத்துக்குத்தான். "பிளேடைத்தான் மாற்றிவிடுகிறோமே, அப்பாவும் பிள்ளையும் ஒரே கத்தியைப் பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்கிறார்கள். பிளேடு உட்காரும் தாடைக்குள் சோப்பும் முடியும் சில சமயம் ரத்தமும் போய் ஒட்டிக்கொள்கிறது. அது பிளேடோடு வெளியே வருவதில்லை. இரண்டு பேர் இருந்தால் இரண்டு கத்தி வாங்குங்கள். விலை அப்படியொன்றும் அதிகமில்லை.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் ஏழே காலுக்கு மெட்ரோவைப் பிடிக்கிறவருக்கு இந்தக் கத்தி தேவையில்லை. சாதாரண சேஃப்டி ரேஸர் அதே வேலையைப் பாதி நேரத்தில், பாதி ஆபத்தில் செய்யும். கத்திச் சவரத்தால் முகம் பளபளவென்று ஆகும், முடி மெதுவாக வளரும் என்றெல்லாம் சொல்வது வெறும் பேச்சு. முடி எந்தப் பிளேடுக்கும் பயந்து வளர்ச்சியைக் குறைத்துக்கொள்வதில்லை.

கத்திக்கென்று சில இடங்கள் உண்டு. கிருதாவை இரண்டு பக்கமும் சமமாக நிறுத்துவது, மீசைக் கோட்டைச் சீராக்குவது, இப்போது பையன்கள் வைக்கிறார்களே அந்தத் தாடியின் விளிம்பை வரைவது, இதற்கெல்லாம் கத்திக்கு இணையில்லை. முனை எங்கே போகிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். நாலைந்து நாள் தாடியை எடுக்கும்போது ரேஸரைப் போல் முடி அடைத்துக்கொள்ளாது. பிளேடுச் செலவும் சொற்பம். ஒரு பிளேடை ஒடித்தால் இரண்டு. இவற்றோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமில்லாமல் ஒரு வேலையைக் கைநிதானத்தோடு செய்கிற சுகமும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய காரணம்.

யாருக்குக் கூடாது என்பது அதைவிட முக்கியம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், புண் ஆறத் தாமதமாகும் அளவுக்குச் சர்க்கரை உள்ளவர்கள், முகம் நிறையப் பரு உள்ள பையன்கள் இவர்களெல்லாம் இதைத் தொட வேண்டாம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு 84 வயது. கும்பகோணம் பக்கத்திலிருந்து எங்களோடு டெல்லிக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை இரண்டு சாப்பிடுகிறார். நான் கத்தி பழகியதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள், "ஏண்டா, எனக்கும் அப்படியே ஒரு தடவை பண்ணிவிடேன். திண்ணையிலே பண்ணிண்ட மாதிரி இருக்கும்" என்றார். மனுஷர் எதையும் கேட்கிறவர் இல்லை. கேட்டது இது ஒன்றுதான்.

டாக்டரிடம் கேட்டேன். சின்னக் கீறல் என்றாலும் ரத்தம் நிற்க நேரமாகும், முதியவர்களின் தோல் காகிதம் மாதிரி, கத்தி வேண்டாம் என்றார். டாக்டர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாக இருக்கும் முகத்தில் தோலை இழுத்துப் பிடிப்பதே கஷ்டம். கடைசியில் பேட்டரி ட்ரிம்மர் ஒன்று வாங்கினேன். ஆனால் சடங்கு முழுவதையும் வைத்துக்கொண்டேன். வெந்நீர்த் துண்டு, பிரஷ்ஷால் நுரை, அது ஊறும் வரை ஊர்க்கதை. பிறகு நுரையைத் துடைத்துக் காயவிட்டு ட்ரிம்மர். "இது சவரமாடா? புல்லு வெட்டறே" என்கிறார் வாராவாரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

கத்திக்கு முன்னால் பிளேடு

இப்போது வாங்கும் விஷயம். எல்லோரும் கத்தியின் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். நான் சொல்வது, முதலில் எந்த பிளேடு என்று முடிவு செய்யுங்கள், கத்தி தானாகத் தீர்மானமாகிவிடும்.

நம் நாட்டில் சுலபமானது பாதி பிளேடு போடும் கத்தி. அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண இருமுனை பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்துப் போடுவது. டோபாஸ், 7 ஓ கிளாக் என்று நாம் சின்ன வயதில் பென்சில் சீவப் பயன்படுத்தினோமே, அதே வகை. வெட்டும் விளிம்பு ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் தாடை சரியாகக் கவ்வாவிட்டால் பிளேடு அதிரும், அதிர்ந்தால் எரிச்சல். இரண்டு முனைகளிலும் கூர்மையான மூலை இருப்பதையும் கவனியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் காயம் பெரும்பாலும் நடுவில் ஏற்படாது, அந்த மூலையில்தான் ஏற்படும். காது மடலுக்கு அருகிலும் மோவாய் வளைவிலும் ஏற்படும்.

இன்னொரு வகை, இந்தக் கத்திக்கென்றே தனியாகச் செய்த நீள பிளேடு. ஜப்பானில் ஃபெதர் கம்பெனியின் 'ஆர்டிஸ்ட் கிளப்' வரிசை இதில் பெயர் போனது. பிளேடின் கனம் சாதாரண பிளேடைப்போல் இரண்டரை மடங்கு. அதனால் வளையாது, அதிராது. அதிலேயே 'புரோகார்ட்' என்று ஒரு பிளேடு வருகிறது. முனையையொட்டிச் சிறு தடுப்பு வைத்தது. தோலுக்குள் ஆழமாக இறங்க விடாது. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை. ஆனால் கத்தி பல ஆயிரம் ரூபாய். பிளேடும் தெருமுனைக் கடையில் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் தருவிக்க வேண்டும். நிச்சயமாகத் தொடர்ந்து செய்வேன் என்கிறவர் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் குறிப்பிடுகிறேன். பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் முனையில் சீப்பு மாதிரி பல் வைத்திருக்கும். தலைமுடியைக் கழித்து மெலிதாக்கும் கத்தி அது. முகத்துக்கு ஆகாது. ஆர்.கே.புரம் அம்மாளின் பையன் வரவழைத்திருந்தது இதுதான்! படத்தைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான். திருப்பி அனுப்பச் சொன்னேன்.

என் சிபாரிசு: பாதி பிளேடு போடும் கத்தியோடு ஆரம்பியுங்கள். பிடிக்காமல் போனாலும் நஷ்டம் இல்லை. பிளேடு எந்தக் கம்பெனி என்றால், ஆரம்பத்திலேயே எல்லாவற்றிலும் கூர்மையானதைத் தேடாதீர்கள். ஏற்கெனவே உங்கள் ரேஸரில் போட்டு உங்கள் தோலுக்கு ஒத்துக்கொண்ட பிளேடு எதுவோ அதையே ஒடித்துப் போடுங்கள். ஒரே சமயத்தில் புதுக் கத்தி, புதுப் பிளேடு இரண்டையும் பழக வேண்டாம்.

ஒடிக்கும்போது பிளேடைக் காகித உறையிலிருந்து எடுக்காமல், உறையோடு நீளவாக்கில் மடக்குங்கள். கடினமாக்கப்பட்ட எஃகு வளைந்து கொடுக்காது, 'டக்'கென்று நடுவில் ஒடிந்துவிடும். உறைக்குள்ளேயே ஒடிவதால் விரலும் தப்பும், துண்டும் பறக்காது. ஒடித்த பாதிகளையே பெட்டியாகவும் விற்கிறார்கள், சலூன்காரர்களுக்காக. அதை வாங்கினால் இந்த வேலையும் இல்லை.

கத்தியில் பார்க்க வேண்டியவை

சதர் பஜாரில் அழகுசாதன மொத்த வியாபாரக் கடைகள் இருக்கும் சந்துகளில் சலூன் சாமான் கடைகளும் இருக்கின்றன. நூறு, இருநூறு ரூபாயிலிருந்து கத்தி கிடைக்கும். நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதைத்தான் நான் விரும்புவேன். ஆன்லைனில் வாங்கினாலும் சரி, வந்தவுடன் பிளேடு போடாமல் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

கீல் முக்கியம். கத்தியைப் பாதி திறந்து அப்படியே விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தொளதொளவென்று தானாக விழுந்தால் வேண்டாம். ஈரச் சோப்புக் கையில் அது எப்போது மடங்கும் என்று சொல்ல முடியாது. மடங்கும் இடத்தில் உங்கள் விரல் இருக்கும். மிகவும் இறுக்கமாக இருந்தாலும் தொல்லைதான், திறக்கும்போது கை வழுக்கும். கீலில் திருகாணி இருந்தால் நாளடைவில் தளர்ந்தாலும் முடுக்கிக்கொள்ளலாம். ஆணியை அடித்து நசுக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பத்து இருபது ரூபாய் கூடுதலானாலும் திருகாணி வைத்ததை எடுங்கள்.

அடுத்தது தாடை, அதாவது பிளேடைக் கவ்வும் இடம். இதில் இரண்டு மூன்று விதம் உண்டு. மலிவான கத்திகளில் பிளேடை ஒரு பள்ளத்தில் நெட்டித் தள்ள வேண்டும். தள்ளும்போது விரல் முனையில் படும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கத்தியின் முதுகு இரண்டாக விரிந்து, நடுவில் பிளேடை வைத்து மூடி, மேலே ஒரு பூட்டைப் போடும் ஏற்பாடு நல்லது. இந்தியாவில் செய்து வெளிநாடுகளுக்கும் போகிற பார்க்கர் என்ற பெயரில் (பேனா அல்ல) வரும் துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் இந்த மாதிரி. விலை சாதாரண சலூன் கத்தியைவிட அதிகம்தான். ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

பிளேடைப் போட்டு மூடியபின் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிளேடுக்கும் தாடைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. முனை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒரே அளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்றால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் கையின் கோளாறு அல்ல, தாடை கோணல். மூலைகளும் கொஞ்சமாவது தாடைக்குள் மறைந்திருந்தால் புதியவர்களுக்கு நல்லது. பிறகு ஒரு பழைய பல்குச்சியால் பிளேடின் பக்கத்தை லேசாகத் தள்ளுங்கள். ஆடக் கூடாது.

எடையைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த இலகுவான கத்தி பயணத்துக்குச் சரி. கற்றுக்கொள்ள அது வசதியில்லை. எடையே இல்லாததால் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் வெட்டும். கொஞ்சம் கனமான எஃகுக் கத்தி தன் எடையாலேயே வேலை செய்யும். திறந்து பிடித்தால் கனம் கீலுக்கு அருகில் இருப்பதாகக் கைக்குத் தெரிய வேண்டும். பின்பக்கம் வால் மாதிரி நீண்டு வளைந்திருக்கிறதே, சுண்டுவிரல் அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய கைக்காரர்களுக்குச் சில கத்திகளின் வால் குட்டை.

கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ்" என்பார். பாத்திரக் கடையில் கற்ற பாடம் அது. நம்பிவிடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாத ரகமும் உண்டு, ஒட்டுகிற ரகமும் உண்டு. அலுமினியத்திலும் துத்தநாகக் கலவையிலும் குரோமியம் பூசினால் அதிலும்தான் காந்தம் ஒட்டாது! தாடையின் உட்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூச்சு அங்கேதான் முதலில் உரியும். உட்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே சீராக, பிசிறில்லாமல் இருந்தால் செய்தவர் கவனமாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். டூல்ரூமில் நாங்கள் எந்தச் சாமானையும் முதலில் உட்பக்கம்தான் பார்ப்போம்.

முதல் சில வாரங்கள்

எப்படிச் சவரம் செய்வது என்பதைப் படித்துக் கற்க முடியாது. தெரிந்த சலூன்காரர் யாரிடமாவது கேட்டு நாலு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சில வார்த்தைகள் மட்டும் சொல்கிறேன்.

குளித்த பிறகு செய்யுங்கள். வெந்நீரில் ஊறிய முடி மிருதுவாகிவிடும். டெல்லியில் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது, சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் குடிதண்ணீரில் ஒரு டம்ளர் சுடவைத்துக்கொண்டு பிரஷ்ஷால் நுரை எழுப்புங்கள். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை கத்திக்குப் போதாது. கத்தியைத் தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் சுரண்டும், வெட்டும்; மிகவும் படுக்க வைத்தால் முடியை வெட்டாமல் இழுக்கும். மறு கையால் தோலை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னதாக இழுங்கள். கத்தியைப் பக்கவாட்டில் ஒருபோதும் நகர்த்தாதீர்கள், காய்கறி நறுக்குகிற மாதிரி. நறுக்கத்தான் செய்யும்.

முதல் இரண்டு வாரம் கிருதாவுக்குக் கீழே கன்னம் மட்டும் போதும். மீதி முகத்தை வழக்கமான ரேஸரால் முடித்துக்கொள்ளுங்கள். கன்னம் வசப்பட்ட பிறகு கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசியில். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது யாரும் பழக ஆரம்பிக்க வேண்டாம், ஆல்பத்தில் தெரியும்.

கீறல் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் சில நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டுப் படிகாரக் கட்டியைத் தேயுங்கள். இங்கே 'பிட்கரி' என்று கேட்டால் எந்த மளிகைக் கடையிலும் கொடுப்பார்கள். சுருக்கென்று எரியும், நின்றுவிடும். அந்தக் கட்டியையும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் படுகிற சாமான்தானே அதுவும். டெல்லிக் குளிரில் சவரத்துக்குப் பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் முகம் வெடிக்காது. (ஜனவரியில் எண்ணெய் உறைந்திருக்கும், முந்தின இரவே பாட்டிலை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள் என் மனைவி.)

முடிந்ததும் பிளேடைக் கழற்றித் தாடையைத் திறந்து கழுவி, துடைத்து, திறந்தபடியே காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் எந்த எஃகானாலும் கீலில் துரு ஏறும். பிளேடின் முனையைத் துணியால் துடைக்கக் கூடாது. விரலும் போகும், முனையில் பூசியிருக்கும் மெல்லிய பூச்சும் போகும். ஒரு பாதி பிளேடு எனக்கு இரண்டு சவரம் வரும். மூன்றாவது தடவை இழுக்க ஆரம்பித்தால் எறிந்துவிடுகிறேன். ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்துத் தோலைக் கொடுக்க வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்கிறார்கள். விமானத்தில் கைப்பையில் கத்தியையும் பிளேடையும் விட மாட்டார்கள். உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு ஒரு பகல் போகிறவர்கள் ஓடும் வண்டியில் கத்தியைத் திறக்கவே வேண்டாம். தாடியோடு சென்னையில் இறங்குங்கள், அங்கே சலூன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு சலூன் அடைப்பு என்பதில் மட்டும் வடக்கும் தெற்கும் ஒன்று.

கடைசியாக, எறிகிற பிளேடு. அதைச் சமையலறைக் குப்பையோடு சேர்த்துப் போடாதீர்கள். எங்கள் காலனியில் குப்பை எடுக்க வரும் பெண் வெறுங்கையால்தான் பிரிக்கிறாள். ஒரு நாள் வலது உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். யார் வீட்டு பிளேடோ, மூன்று தையல். மேலே சொன்ன ஹெபடைடிஸ் சமாசாரம் அவளுக்கும் பொருந்தும்தானே. காலியான முகப்பவுடர் டப்பா ஒன்றின் மூடியை ஒட்டிவிட்டு, பக்கத்தில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். உபயோகித்த பாதிகள் எல்லாம் அதற்குள் போகின்றன. நிரம்பியதும் மொத்தமாகச் சுற்றி, மேலே 'பிளேட்' என்று ஹிந்தியில் எழுதி அவள் கையில் தனியாகக் கொடுக்கலாம். 2020-இல் வைத்த டப்பா. பாதிகூட நிரம்பவில்லை.